நீர்க்கட்டியும் ரசமட்டமும்

மார்ச் பதினோராம் தேதி, பேருந்து நிலையத்துக்கு எதிரே மருந்துக் கடையின் மாடியில் உள்ள ஸ்கேன் மையத்தில், மாதவிலக்கு வராததால் டாக்டர் அனுப்பிவைத்த, பெயிண்ட் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் சினைப்பைகள் இரண்டிலும் நீர்க்கட்டிகள் இருப்பதாக அறிக்கை கொடுக்கப்பட்டது.

அவள் கணவன் பிளம்பர். நீர்க்கட்டி என்ற சொல்லை அவன் தொழில்முறையில் புரிந்துகொண்டான். நீர் கட்டி நிற்கிறது என்றால் எங்கோ அடைப்பு. வரத்தைக் குறைக்க வேண்டும், போக்குக்கு வழி செய்ய வேண்டும். அன்றைக்கே அவளுடைய பெரிய தண்ணீர் பாட்டிலைப் பரணில் ஏற்றிவிட்டு, சின்ன டம்ளர் ஒன்றை எடுத்து வைத்தான்.

போக்குக்கு வழி சொன்னவள் அவன் தங்கை. "அண்ணி, படுத்துக்கிட்டுக் காலைச் சுவத்துல தூக்கி வைங்க. வயித்துல சுடுதண்ணிப் பை. எங்க ஆபீஸ்ல ஒரு அக்காவுக்கு அதுலயே சரியாச்சாம்."

"எது சரியாச்சு, காலா?"

"விளையாடாதீங்க அண்ணி."

அவள் படுக்கையறைச் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்தாள். பிளம்பர் பக்கத்தில் குனிந்து பார்த்தான். திருப்தியில்லை. கருவிப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வந்து அவள் தொடையின் மேல் வைத்தான்.

"என்னங்க இது?"

"வாட்டம் சரியா இருக்கான்னு பாக்கறேன். வாட்டம் இல்லன்னா வடியாது."

"எந்தப் பக்கம் வடியணும்?"

அதை அவன் யோசித்திருக்கவில்லை. ரசமட்டத்தை மறுபக்கமாகத் திருப்பி வைத்துக் குமிழியைப் பார்த்தான்.

கடையில் அவளுக்கு நிறம் கலக்கும் வேலை. கல்லாவுக்கு வலப்பக்கம் இயந்திரம், அதன் முன்னால் எப்போதும் யாராவது நின்றுகொண்டிருப்பார்கள். இதில் ஒரு சொட்டு வெளுப்பு, அதில் ஒரு சொட்டு மஞ்சள், போன வருஷம் அடித்த அதே நிறம். நாள் முழுக்கக் கேள்வி. தண்ணீர் குடிக்காமல் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம். அடுத்த முறை டாக்டரிடம் போனபோது கணவனையும் கூட்டிப்போனாள்.

"தண்ணியக் குறைச்சீங்களா? எதுக்கு?" என்றார் டாக்டர்.

"கட்டியிருக்குன்னு..." என்றான் பிளம்பர்.

"அது தேங்கின தண்ணி இல்லைங்க. முழுசா வளராம நின்னுபோன கருமுட்டைப் பைங்க. பேருதான் அப்படி வந்துடுச்சு. நல்லாத் தண்ணி குடிக்கட்டும். மாத்திரை, நடை, கொஞ்சம் எடை தூக்கற பயிற்சி. இதுங்கள விட வேணாம்."

அவள் மெதுவாகக் கேட்டாள். "அக்குபஞ்சர் போகலாமா டாக்டர்?"

"போறதுன்னா போங்க. அதால மாதவிலக்கு ஒழுங்காகும்னு உறுதியாச் சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்ல. மாத்திரைய மட்டும் நிறுத்தாதீங்க."

வீட்டுக்கு வந்ததும் பாட்டில் பரணிலிருந்து இறங்கியது. இறக்கியவனே அதைக் கழுவி நிரப்பி வைத்தான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை மதியங்களில் அவள் ஊசிக்குப் போனாள். பச்சைத் திரை கட்டிய சின்ன அறை, ஒரு கட்டில், மெதுவாகச் சுற்றும் மின்விசிறி. ஊசி போடும் அம்மா கணுக்காலுக்கு மேலும் அடிவயிற்றிலும் மெல்லிய ஊசிகளைச் செருகிவிட்டு, "அசையாமப் படுங்க" என்று திரையை இழுத்துவிட்டுப் போய்விடுவார். அரை மணி நேரம்.

இரண்டு மாதம் போனது. மாதவிலக்கு வரவில்லை. பிளம்பர் கணக்குப் பார்க்க உட்கார்ந்தான்.

"வேலை செய்யலன்னா ஊசிய நிறுத்திடலாமே. டாக்டரே உறுதி இல்லன்னுட்டாரு. தங்கச்சி வேற இப்ப கப்பிங்னு ஒண்ணு சொல்றா. முதுகுல கண்ணாடிக் கிண்ணத்தக் கவுத்து வச்சு உறிஞ்சறதாம்."

"அடைப்பெடுக்கற ரப்பர் மாதிரியா?"

"அதேதான்," என்றான் அவன் ஆர்வமாக. பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான்.

"கிண்ணமும் வேணாம், ரப்பரும் வேணாம். ஊசிய நான் விடமாட்டேன்."

"கரையாதுன்னு தெரிஞ்சும் எதுக்குப் போற?"

"கடையில நிறம் கேக்கறாங்க. போன்ல உங்க தங்கச்சி, வந்துச்சா அண்ணின்னு கேக்கறா. வீட்ல நீங்க கேக்கறீங்க, கதவத் தொறக்கறதுக்கு முந்தியே. அந்தக் கட்டில்ல படுத்திருக்கறப்ப ஒருத்தரும் என்னை ஒண்ணும் கேக்கறதில்ல. எனக்கு அந்த அரை மணி நேரம் வேணும்."

அவன் வாயைத் திறந்தான். கேட்க வந்தது ஒரு கேள்வி என்று தெரிந்ததும் மூடிக்கொண்டான்.

மறுநாள் தங்கையின் போனை அவனே எடுத்தான். அவன் பேசியது சமையலறை வரை கேட்டது. "வந்தா நாங்களே சொல்றோம்டி. நீ கேக்காத. நானும் கேக்கல... ஆமா, கஷ்டமாத்தான் இருக்கு."

ஆகஸ்டில் அவளுக்கு மாதவிலக்கு வந்தது. மாத்திரையாலா, நடையாலா, ஊசியாலா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. மூன்றும் தொடர்கின்றன.