சாமிக்குப் போன மக்னோலியா

இந்த வசந்தம் முழுக்க லண்டன் பூங்காக்களில் நான் என் மனைவியின் கையைப் பிடித்தபடியேதான் நடந்தேன். பார்த்தவர்கள் புதுமணத் தம்பதி என்று நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். கையை விட்டால் பூவைப் பறித்துவிடுவாள், அதுதான் காரணம்.

நாங்கள் மலேசியாவில் ஈப்போக்காரர்கள். என் பெயர் கமலநாதன், அவள் வான்மதி. கம்பெனி என்னை இரண்டு வருடத்துக்கு இங்கே அனுப்ப, நவம்பரில் வந்து குட்மேய்ஸில் ஒரு வாடகை வீட்டில் இறங்கினோம். ஈப்போவில் வான்மதி விடியுமுன் குளித்துவிட்டுக் கிண்ணத்தோடு கிளம்பிவிடுவாள். வீட்டுச் செம்பருத்தி அவளுக்குப் போதாது. மதில் தாண்டி எட்டிப் பார்க்கிற கிளையில் பூத்தது எவர் வீட்டுப் பூவானாலும் சாமிக்குச் சொந்தம் என்பது அவள் சட்டம். எங்கள் தெருப் பெண்கள் எல்லாருக்கும் அதே சட்டம் என்பதால் யாரும் யாரையும் திருடி என்று சொன்னதில்லை.

இங்கே வந்த பிறகு பூவுக்கு வழியில்லை. நாலு மணிக்கே இருட்டு, ரேடியேட்டர்மேல் காயாத துணி, சனிக்கிழமைகளில் அப்டன் பார்க் போய் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கி வருவது, இதுதான் எங்கள் வாழ்க்கை. சூப்பர்மார்க்கெட்டில் பூ வாங்கித் தருகிறேன் என்று ஒருநாள் அழைத்துப் போனேன். எங்கள் போதாத காலம், ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வாளியிலிருந்த ரோஜாவை எடுத்து, கண்ணை மூடி ஆழமாக முகர்ந்து, திரும்ப வாளியிலேயே வைத்தார். முகர்ந்த பூ சாமிக்கு ஆகாது. அன்றோடு அந்தப் பேச்சு முடிந்தது. குளிர்காலம் முழுக்க எங்கள் அம்மன் வெறும் குங்குமத்தோடு இருந்தாள்.

பிறகு மார்ச் வந்தது. எனக்கு வசந்தம் என்பது அதுவரை பள்ளிப் புத்தகத்துச் சொல். எங்கள் ஊரில் வெயில், மழை, டுரியான் பழம், மூன்றே பருவம்தான். ஒரு காலையில் வேலைக்குப் போகிற வழியில் பார்க்கிறேன், நேற்றுவரை சேறாகக் கிடந்த ரவுண்டானா முழுக்க மஞ்சள் பூ. யாரும் நின்று பார்க்கவில்லை. பஸ் சுற்றிக்கொண்டு போகிறது, லாரி சுற்றிக்கொண்டு போகிறது. நான் மட்டும் ரயிலைத் தவறவிட்டு நின்றேன். மண்ணுக்கு யார் போய்ச் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்கு ஆச்சரியம்தான்.

அதிலிருந்து ஞாயிறானால் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். வாலன்டைன்ஸ் பார்க், கியூ தோட்டம், கிரீனிச். கிரீனிச்சில் செர்ரி மரங்கள் இரு பக்கமும் நின்ற பாதையில் கூட்டம் இருந்தது, ஆனால் சத்தம் இல்லை. இளஞ்சிவப்பு இதழ்கள் எல்லார் தலையிலும் விழுந்துகொண்டிருந்தன. கோயிலில் நின்றால் கொட்டாவி விடுகிற எனக்கு அங்கே கை தானாகக் குவிந்தது. வான்மதிக்குக் கண் நிறைந்துவிட்டது, வாய் மட்டும் ஓயவில்லை.

“என்னங்க இது, இலையே வராம பூவா? சோறு போடறதுக்கு முன்னாடி பாயசம் ஊத்தின மாதிரி இருக்கு.”

“பார், பறிக்காதே. இது ராஜா தோட்டம்.”

“ராஜாவுக்கு எதுக்கு இவ்வளவு? ஒண்ணே ஒண்ணுலா.”

நான் பிடியை இறுக்கினேன்.

பக்கத்து வீட்டில் தில்லையம்பலம் அண்ணன் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லாரும் வீட்டு முன்பக்கத்தைக் கல் பாவிக் கார் நிறுத்த, அவர் மட்டும் எங்கள் சுவரோரம் ஒரு வட்டம் மண்ணை விட்டு அதில் ஒரு மரம் வளர்த்தார். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல், குச்சி குச்சியாக நின்ற மரம். அவர் மனைவி கனகாம்பிகை அக்காவை நாங்கள் பார்த்ததே இல்லை. இதயம் பலவீனமாகி மாடியிலேயே படுக்கையில் இருந்தார். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

தெரியாதது ஒன்று இருந்தது. அந்த மரம் அக்கா ஆசைப்பட்டு விதையிலிருந்து முளைக்க வைத்த மக்னோலியா. பன்னிரண்டு வருடமாக அது பூக்கவே இல்லை. இந்த வருடம்தான் முதல்முதலாக ஒரு மொட்டு, ஒரே ஒரு மொட்டு வைத்திருந்தது. அக்கா அதைப் பார்ப்பதற்காகவே அண்ணன் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தார். அக்கா இன்னொரு வசந்தம் காண்பார் என்று யாரும் நம்பவில்லை. அந்த மொட்டு இருந்த கிளையோ, குட்டைச் சுவரைத் தாண்டி எங்கள் பக்கம் நீண்டிருந்தது.

சித்திரைப் புத்தாண்டன்று நான் கண் விழித்துச் சாமி அலமாரிக்கு முன் வந்தபோது தட்டில் பழமும் கண்ணாடியும் வெற்றிலையும் இருந்தன. அம்மன் காலடியில் ஒரு பூ. என் உள்ளங்கையை விடப் பெரியது. அடியில் சிவந்து, மேலே போகப் போக வெளுத்து, இதழ் ஒவ்வொன்றும் வெண்ணெய்போல் தடித்திருந்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு பெரிய பூவை ஒரு குச்சி பெற்றெடுத்ததா!

“எங்கே பறிச்ச?” என்றேன்.

“நம்ம பக்கம் வந்த கிளைதான். ஒண்ணுதான் இருந்துச்சு. வருஷப் பிறப்பாச்சே, கேட்டுட்டுத்தான் பறிச்சேன்.”

“யாரைக் கேட்ட?”

“மரத்தை.”

அதற்குள் வெளியே சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். தில்லையம்பலம் அண்ணன் கைலிக்குமேல் கோட்டுப் போட்டுக்கொண்டு, வெறும் காலோடு மரத்தடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.

“தம்பி, பூவைக் கண்டனீங்களே? இரவு பாக்கேக்க மொட்டு வெடிக்கிற மாதிரி இருந்தது. இப்ப காம்புதான் நிக்குது. இந்த அறுவான் அணிலின்ர வேலைதான்!”

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எனக்கு உயிர் வந்தது. அணில் வந்து மறுக்கவா போகிறது? ஆனால் வான்மதி என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“அணில் இல்லண்ணே. நான்தான் சாமிக்குப் பறிச்சேன்.”

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் குட்டைச் சுவரில் மெல்ல உட்கார்ந்தார்.

“பன்ரெண்டு வருசம் பிள்ளை,” என்றார். விஷயம் முழுவதையும் அப்போதுதான் சொன்னார். “விடிய எழும்பினவுடன காணட்டும் எண்டு திரைச்சீலையையும் திறந்து விட்டுட்டுப் படுத்தனான். அவ பாக்கேல்லை. இனி நான் அவவுக்கு என்னத்தைக் காட்டுறது?”

வான்மதி எங்கள் வீட்டுக்குத் திரும்பினாள். உள்ளே ஓடிப் பூவைத் தட்டோடு எடுத்து வந்து, அவரைக் கேட்காமலே அவர் வீட்டு மாடிப்படியில் ஏறினாள். நானும் அண்ணனும் பின்னால் போனோம்.

கனகாம்பிகை அக்கா தலையணைகளில் சாய்ந்திருந்தார். முகம் கையளவாகச் சுருங்கியிருந்தது, கண் மட்டும் பளிச்சென்று இருந்தது. வான்மதி கட்டிலருகே முழந்தாளிட்டுத் தட்டை நீட்டினாள். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

“அழாதையும் பிள்ளை,” என்றார் அக்கா. “நான் கண்டனான்.”

அண்ணன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு எங்க நித்திரை வருது? விடியப்புறம், நிலம் வெளிக்கேக்க, மேல் இதழ் ஒண்டு முதல்ல விலகினது. பிறகு மற்றது. ஒண்டொண்டாய் அவ்வளவும் எனக்கு முன்னால திறந்தது. பெத்தவளுக்குக்கூடப் பிள்ளையின்ர முகம் இப்பிடி மெல்ல மெல்ல, ஆறுதலாய்த் தெரியாது.” மூச்சு வாங்கியது. நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். “பிறகு நீர் ஈரத்தலையோட வந்தீர். மரத்தைக் கும்பிட்டீர். ஜன்னலில தட்டியிருக்கலாம். தட்டேல்லை. முதல் பூ சாமிக்குப் போறதை நான் ஏன் மறிப்பான்?”

“என்னை எழுப்பியிருக்கலாமே கனகம்,” என்றார் அண்ணன். “நானும் பாத்திருப்பன்.”

அக்கா அவரைப் பார்த்தார்.

“எத்தினை இரவு முழிச்சிருந்தனீங்கள்? இண்டைக்குத்தான் குறட்டை கேட்டது. எழுப்ப மனம் வரேல்லை.”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அறையில் நாங்கள் நிற்பதே பிழை என்று எனக்குப் பட்டது. ஆனால் கால் நகரவில்லை. கிரீனிச்சில் கை குவிந்த மாதிரியே இங்கும் குவிந்திருந்ததைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன்.

“சாமிக்கு வைச்ச பூதானே,” என்றார் அக்கா. “தலையில வைச்சு விடுங்கோ.”

வான்மதி தட்டை அண்ணனிடம் நீட்டினாள். அவர் பூவை எடுத்து அக்காவின் காதுக்குப் பின்னால் செருகினார். அது நழுவியது. மறுபடி செருகினார். அவ்வளவு பெரிய பூவைத் தாங்க அந்தத் தலையில் முடி போதவில்லை. வான்மதி தன் கொண்டையிலிருந்து ஊசியைக் கழற்றப் போனாள். அக்கா வேண்டாம் என்று தலையசைத்தார்.

அண்ணன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பூவை அவர் கூந்தலோடு சேர்த்துக் கையால் பிடித்துக்கொண்டார். அக்கா கண்ணை மூடினார். நாங்கள் படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். அண்ணன் கையை எடுக்கவில்லை.