நாலு நிகழ்ச்சிக்கு ஒரு பேனர்

ஒரே பேனரை வைத்துக்கொண்டு ஒரே மதியத்தில் நான்கு நிகழ்ச்சிகளை நடத்தி முடிப்பது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபிளெக்ஸ் கடையில் பேனர் அடிக்கும்போது மேலே நூலகத்தின் பெயர், கீழே ‘அனைவரும் வருக’, நடுவில் வெள்ளையாக ஒரு பட்டை விடச் சொல்ல வேண்டும். அந்தப் பட்டையின் அளவுக்கு ‘சிறுவர் கதை நேரம்’, ‘இளைஞர் வழிகாட்டல்’, ‘மகளிர் எழுத்தறிவு’, ‘மூத்தோர் வாசிப்பு’ என்று நான்கு தாள்களை அச்சடித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றை ஒட்டிப் படம் எடுத்துவிட்டு, அதை உரித்து, அடுத்ததை ஒட்ட வேண்டும். வேகமாக உரித்தால் பேனரின் மை கையோடு பெயர்ந்து வந்துவிடும். ஓரத்திலிருந்து மெதுவாக உரிக்க வேண்டும். இவ்வளவு விவரம் எனக்குத் தெரியக் காரணம், உரித்து உரித்து ஒட்டியது நான்தான்.

என் பெயர் மணிமொழி. சங்கராபுரத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் பேருந்து நின்று போகும் ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. அங்கே கிளை நூலகத்தில் நான் நூலகர். நூலகத்துக்குப் பின்னால் ஒரு கூடம் இருக்கிறது. வாசகர் வட்டத் தலைவர் தெய்வசிகாமணி தன் அப்பா நினைவாகக் கட்டிக் கொடுத்தது. நூலகச் சாவி என்னிடம் இருக்கும். கூடத்துச் சாவி அவர் வீட்டு ஆணியில் தொங்கும். பன்னிரண்டு ஏக்கர் கரும்பு அவருக்கு. என் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்களில் பாதிப்பேர் அந்தக் கரும்பை வெட்டுகிறவர்கள்.

வகுப்பு புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு. மொத்தம் பதினாறு புதன். ஜூனில் தொடங்கியிருக்க வேண்டியது. புத்தகம் வரவில்லை, கூடத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று தள்ளித் தள்ளி, செப்டம்பரில்தான் தொடங்கினோம்.

பெரியவர்களுக்கு அ, ஆ என்று ஆரம்பித்தால் இரண்டாவது வாரம் ஆள் இருக்காது. அவரவர் பெயரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பூமாலை என்ற பெயரில் மூன்று எழுத்து. மூன்றையும் தனித்தனி அட்டையில் எழுதி மேசையில் போட்டேன். முதல் அட்டையைத் தனியே நகர்த்தினால் பூ. மிச்சம் மாலை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கமலாவின் பெயரிலும் மூன்று அட்டை. கமலாவிடமிருந்து நடு எழுத்தையும் பூமாலையிடமிருந்து கடைசி எழுத்தையும் எடுத்துச் சேர்த்து வைத்தேன். பூமாலை உதட்டை அசைத்து அசைத்துப் பார்த்துவிட்டு, “மலை” என்றாள். சன்னலுக்கு வெளியே கல்வராயன் நீலமாக நின்றது. அதைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள்.

“அத்தோட பேரு எங்க ரெண்டு பேர்கிட்டயும் பாதி பாதி கெடந்திருக்குது பாரு மேடம்.”

“அதான் உனுக்கும் எனுக்கும் இடுப்பு இப்பிடி வலிக்குது” என்றாள் கமலா.

பூமாலைக்கு நாற்பத்தெட்டு வயது. அவள் ஏன் வந்தாள் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டாள். “எங்க கொழுந்தன் ஒரு பேப்பரை நீட்டினான். பென்சனுக்குன்னான். கைநாட்டு வெச்சேன். வூட்டுப் பின்னாடி இருந்த எடம் போச்சி. இனிமே படிக்காம எதுலயும் கை வெக்கக் கூடாது மேடம். அவ்ளோதான் எனுக்கு வேணும்.”

மூன்று வகுப்பு நடந்தது. மூன்றாவதில் அவள் தன் பெயரை நடுங்காமல் எழுதினாள்.

நான்காவது புதன்கிழமைக்கு முந்தின நாள் தெய்வசிகாமணி வந்தார். மாத முடிவுக்குள் எல்லா வயதினருக்குமான நிகழ்ச்சிகளின் அறிக்கை மாவட்ட நூலக அலுவலகத்துக்குப் போக வேண்டும். அதில் பதினாறு புதன்கிழமையும் இருக்க வேண்டும். “நாளைக்கு மதியம் எல்லாத்தையும் ஒரே அடியா முடிச்சிடலாம் மேடம். நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க” என்றார்.

படங்கள் எடுப்பதற்கு ஒரு செயலி உண்டு. அது படத்தின் அடியில் ஒரு பட்டையைப் போடும். அதில் ஊர்ப்பெயர், வரைபடம், தேதி, நேரம் எல்லாம் வரும். இடத்தை அது செயற்கைக்கோளிடம் கேட்டுக்கொள்கிறது. அதனால் ஊரை மாற்றுவது கஷ்டம். தேதியை மட்டும் நம் கைப்பேசியின் கடிகாரத்திடம் கேட்கிறது. கடிகாரத்தைப் பின்னால் திருப்பினால் படமும் பின்னால் போய்விடும். தெய்வசிகாமணி ஜூன் மாதத்துக்குப் போனார். ஒரு படம். ஒரு வாரம் முன்னேறினார். இன்னொரு படம். நடுவில் அவருடைய வாட்ஸ்அப், தேதி தவறு என்று சொல்லித் திறக்க மறுத்தது. “இதுக்கு மட்டும் ரொம்ப ரோஷம்” என்று அதைத் திட்டினார்.

வாரத்துக்கு வாரம் உடை மாற வேண்டும் அல்லவா? பெண்களை ஆளுக்கு இரண்டு புடவை கொண்டுவரச் சொல்லியிருந்தார். அதுவும் தீர்ந்ததும் புத்தக அலமாரிக்குப் பின்னால் போய் ஒருத்தி புடவையை ஒருத்தி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

“ஏ பூமாலை, ஆகஸ்டு மாசம் நீ என் பொடவையில நல்லா இருக்கறடி” என்றாள் கமலா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

கடைசியில் தெய்வசிகாமணி பூமாலை முன்னால் ஒரு வருகைத்தாளை வைத்தார். பதினாறு வரி. “உன் பேரை எழுதும்மா. ஒவ்வொரு வரியிலயும் ஒரு தபா.” அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். முதல் வரியில் எழுத்து கோணலாக இருந்தது. ஏழாவதில் நேரானது. பதினாறாவதில் அச்சு மாதிரி விழுந்தது. தாளை என்னிடம் தூக்கிக் காட்டினாள். “எப்பிடி மேடம்? கடைசி நல்லா வந்திருக்குதா?” என்று கேட்டாள். எழுத்துப் பயிற்சி என்று நினைத்திருக்கிறாள். நான் தலையாட்டினேன். வருகைத்தாளின் கீழே இன்னொரு தாள் இருந்தது. அதிலும் ஒரு முறை எழுதினாள்.

அறிக்கையை அனுப்பித் தொலைத்துவிட்டால் பிறகு நிம்மதியாக வகுப்பு நடத்தலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த புதன்கிழமை ஐந்து மணிக்கு வந்து பார்த்தால் கூடம் பூட்டிக் கிடந்தது. பூமாலை, கமலா, இன்னும் ஏழு பேர் வாசலில் நின்றார்கள். காலில் வயல் மண் காயவில்லை. நான் தெய்வசிகாமணிக்குப் போன் செய்தேன்.

“எந்த வகுப்பு மேடம்?”

“எழுத்தறிவு வகுப்பு சார். புதன்கிழமை இல்லையா?”

“அது முடிஞ்சி போச்சே. பதினாறும் முடிஞ்சி, அறிக்கையும் போயி, நல்லா இருக்குதுன்னு பதிலும் வந்துடுச்சி. முடிஞ்ச வகுப்பை மறுபடி நடத்தினா கேள்வி வரும்.”

“மூணுதானே சார் நடந்தது?”

“மேடம், அந்தப் படத்துல பேனர் ஒட்டினது யாரு? வைங்க போனை.”

அறிக்கையின் நகல் என் மேசையில்தான் இருந்தது. அனுப்பிய நாளில் நான் அதைப் படிக்கவில்லை. புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறவள், படிக்கவில்லை. அப்போதுதான் படித்தேன். வருகைத்தாளுக்கு அடுத்த பக்கத்தில் ஒரு சான்று இருந்தது. ‘பதினாறு வகுப்புகளிலும் முழுமையாகக் கலந்துகொண்டேன். எனக்கு இப்போது எழுதவும் படிக்கவும் தெரியும். மேற்கண்டவற்றைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுகிறேன்.’ கீழே பூமாலை.

கைநாட்டுக்கும் கையெழுத்துக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கைநாட்டு வைத்தால், அதைப் படித்துக் காட்டியதாகச் சாட்சிக்கு ஒருவர் பெயரையும் எழுதச் சொல்வார்கள். கையெழுத்துப் போட்டால் அந்த வரி தேவையில்லை. படித்துவிட்டுத்தான் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். பெயர் எழுதக் கற்றுக்கொடுத்து, கைநாட்டுக்கு இருந்த அந்தப் பாதுகாப்பையும் நான் பிடுங்கிவிட்டேன். இதில் இன்னொரு கேடு. கோணலாகத் தொடங்கி நேராக முடிகிற அந்தப் பதினாறு பெயர்களைப் பார்க்கிற எவரும், நான்கு மாதம் ஒருத்தி கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நம்புவார். பொய்க்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடைக்காது.

வாசலில் நின்றவர்களுக்கு அதை வாசித்துக் காட்டினேன். முடித்ததும் பூமாலை கேட்டாள்:

“இது எங்க கொழுந்தன் பண்ண அதே வேலதானே?”

“ஆமாம்.”

“அவனாச்சும் படிக்காதவன். நீ பக்கத்துல நின்னுக்கினு தலையாட்டின.”

அதுவரை அவள் என்னை நீங்கள் என்று சொன்னதில்லை. அவர்கள் பேச்சில் மேடமும் நீதான். ஆனால் அன்றைய ‘நீ’ வேறு. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

“அதெல்லாம் வாணாம். நீ மன்னிப்புக் கேட்டா எனுக்குப் படிக்க வந்துடுமா? மீதி வகுப்பு எங்க? அதச் சொல்லு.”

அன்று அவர்களை நூலகத்தின் வாசிப்பு அறைக்குள்ளேயே கூட்டிப் போனேன். நாளிதழ் மேசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நூலகத்தில் சத்தம் கூடாது. ஆனால் புதிதாகப் படிக்கிறவர்கள் மனசுக்குள் படிக்க முடியாது. வாயால் சொல்லிக் காதால் கேட்டால்தான் எழுத்து பிடிபடும். ஓய்வுபெற்ற நடத்துநர் தமிழரசன் இரண்டு நாள் முகத்தைச் சுளித்தார். மூன்றாம் நாள், “அது ‘ழ’ம்மா, நாக்க மடி” என்று தானே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். புதன்கிழமை மட்டும் போதாது என்று பூமாலை சொல்லிவிட்டாள். தினமும் ஐந்திலிருந்து ஆறரை வரை.

அந்த வாரமே மாவட்டத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். பேனர், நான்கு தாள்கள், கடிகாரம், புடவை, பதினாறு கையெழுத்து எல்லாவற்றையும் எழுதினேன். ஒட்டியது நான் என்பதை முதல் பத்தியிலேயே எழுதினேன். பதில் வர ஏழு வாரம் ஆனது. என்னிடம் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்தது. வெள்ளிக்கிழமை விசாரணைக்கு அதிகாரி வருவார், கற்றவர்களும் ஆஜராக வேண்டும் என்றும் எழுதியிருந்தது.

வியாழக்கிழமை மாலை தெய்வசிகாமணி வாசிப்பு அறைக்கு வந்தார். கையில் தட்டச்சு செய்த ஒரு தாள். என்னைப் பார்க்கவே இல்லை. நேராகப் பூமாலையின் மேசைக்குப் போனார்.

“பூமாலை, நல்லா இருக்கியா? இந்தா, இதுல ஒரு கையெழுத்து போடு. நாளைக்கு நீ வந்து காத்துக்கெடக்க வாணாம். வேலையக் கெடுத்துக்கினு எதுக்கு அலையற?” பேனாவையும் மூடி கழற்றி வைத்தார்.

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பினாள்.

“உக்காருங்க ஐயா. நேரம் ஆவும்.”

“எதுக்கு நேரம்?”

“படிக்கணும்ல?”

அவர் சிரித்தார். அறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. பூமாலை முதல் வார்த்தையின் கீழே விரலை வைத்தாள். “நா… ன். நான்.” விரல் நகர்ந்தது. “பூ… மாலை.” அடுத்தது ஊர்ப்பெயர். அதற்கு ஒரு நிமிடம் ஆனது. சுவர்க்கடிகாரத்தில் ஐந்து நாற்பது. தெய்வசிகாமணி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

“நான் படிச்சிச் சொல்றனே. பெருசா ஒண்ணும் இல்ல, வழக்கமா எழுதறதுதான்…”

“நீங்க சொல்லாதீங்க.”

குரல் உயரவில்லை. ஆனால் அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இரண்டாம் வரி. மூன்றாம் வரி. ஒரு வார்த்தையில் நின்று, திரும்பி வந்து, மறுபடி போனாள். கமலா வாயைத் திறந்தாள். பூமாலை அவளையும் கையால் அடக்கினாள். ஆறு ஐந்துக்கு நான்காம் வரிக்கு வந்தாள்.

“ப… தி… னா… று. பதினாறு. வ… குப்… பு… களி… லும்.” விரல் நின்றது. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். “பதினாறு வகுப்பும் நடந்துச்சின்னு மறுபடியும் எழுதிக்கினு வந்திருக்கீங்க.”

“அது ஒரு பேச்சுக்கு…”

“பேச்சுக்குன்னா பேசிட்டுப் போங்க. இன்னாத்துக்கு எழுதிக்கினு வர்றீங்க? உங்க கூடத்துல மூணு நடந்துச்சி. மீதி பதிமூணையும் அங்கயே நடத்துங்க. சாவியக் குடுங்க. முடிஞ்சதும் கையெழுத்து கேளுங்க, போடறேன்.”

நாளிதழ் மேசையிலிருந்து தமிழரசன் ஒரு முறை இருமினார்.

தெய்வசிகாமணி எழுந்தார். முகம் கறுத்துவிட்டது. “பெரிய படிப்பு படிச்சிட்ட. சரி. நாளையிலேர்ந்து கரும்பு வெட்டுக்கு வராத. வேற ஆளு இருக்குது.”

கமலா என் பக்கம் பார்த்தாள். அந்த வெட்டு போனால் பூமாலை விடியலில் ஷேர் ஆட்டோ பிடித்து நைனார்பாளையம் பக்கம் மரவள்ளி பிடுங்கத்தான் போக வேண்டும். இது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பூமாலைக்கும் தெரியும். அவள் தாளை அவர் பக்கம் தள்ளினாள். பேனாவையும் தள்ளினாள்.

“அதையும் இதுலயே எழுதிக் குடுங்க ஐயா. வேலைக்கு வராதன்னு. உங்க கையெழுத்தும் போடுங்க. நாளைக்கு ஆபீசர் முன்னாடி அதையும் படிக்கிறேன்.”

அவர் தாளை எடுக்கக் கை நீட்டினார். அதற்குள் அவள் உள்ளங்கை அதன்மேல் இருந்தது. வெட்டுக்கத்தி பிடித்துக் காய்த்த கை. இழுத்தால் தாள்தான் கிழியும். அவர் இழுக்கவில்லை. வாசலில் வண்டி உதைக்கிற சத்தம் இரண்டு முறை கேட்டது, மூன்றாவதில் கிளம்பியது.

பூமாலை மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஐந்தாம் வரியில் விரலை வைத்தாள்.