எழுபத்தைந்தும் நூற்றைந்தும்

அத்தாவின் உடலை வைத்த சந்தூக்கை ஆண்கள் வாசல் தாண்டித் தூக்கிப் போனதும் தஹ்மீனா மடிக்கணினியைத் திறந்தாள். அத்தா நைனா முகம்மது விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு எழுந்தவர், கட்டிலிலேயே சாய்ந்துவிட்டார். மதியம் லுஹர் தொழுததும் அடக்கம்.

"மையத்து தெருமுனை தாண்டல. அதுக்குள்ள என்ன புள்ள இது?" என்றாள் அத்தாவின் தங்கை பைரோஜா.

"அட்டை வெட்டுற டை செய்றவுகளுக்கு நாலு மணிக்கு ஃபைல் போகணும் மாமி. அத்தா வாக்குக் குடுத்திருக்காக."

அத்தா கொடுத்த இன்னொரு வாக்கில்தான் நேற்றுத் தகராறு. திருத்தங்கலில் அவர்களுக்கு அட்டைப்பெட்டி கம்பெனி. தீபாவளிக்கு உருண்டை வடிவில் ஒரு பரிசுப்பெட்டி, முழுக்க முக்கோண மடிப்பு. சரிபாதியாகத் திறக்கும் என்று சிவகாசிப் பட்டாசு வியாபாரி பாண்டிச்செல்வத்திடம் அத்தா அடித்துச் சொல்லிவிட்டார். விற்கும்போது அவர் வாயில் 'முடியாது' வந்ததே இல்லை. தஹ்மீனா வரைந்த உருண்டையிலோ இருபது பெரிய முக்கோணங்கள்; ஒவ்வொன்றின் பக்கமும் மூன்றாகப் பிரிந்து, உள்ளே ஒன்பது சிறு முக்கோணங்கள். அதற்கு நடுக்கோடே கிடையாது. மடிப்போடு வெட்டினால் ஒருபுறம் எழுபத்தைந்து முக்கோணம், மறுபுறம் நூற்றைந்து.

மாதிரிக்குச் செய்த உருண்டையை அத்தா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூணுக்கு ஏது நடு? நாலாக்கு புள்ள."

"நாலாக்குனா மொத்தம் முந்நூத்தி இருவது. ஒட்டுற பொம்பளைக பசையை நம்ம தலையில ஊத்துவாக. விக்கத் தெரிஞ்சா போதுமாத்தா? வடிவம் தெரிய வேணாமா?"

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். அதன்பின் இருவரும் பேசவில்லை.

இப்போது மூன்றை அழித்து நான்கு என்று அடித்தாள். கணினியை நடுவில் வெட்டச் சொன்னாள். நூற்று அறுபது, நூற்று அறுபது. ஒரு பிசிறு இல்லை.

அத்தாவின் போன் அடித்தது. பாண்டிச்செல்வம்.

"பாய் தவறிட்டாகன்னு இப்பத்தான் கேள்விப்பட்டேன் தாயி. நேத்து நல்லாத்தான பேசுனாக."

"ஆமாண்ணே. பெட்டி சரிபாதியாவே வந்துருச்சு. இன்னைக்கே அனுப்பிருதேன்."

"சரிபாதியா? அது வேணாம்னு நேத்தே முடிச்சாச்சே. பள்ளிவாசல்ல இருந்து வாரப்பவே பாய் கூப்புட்டாக. 'எனக்கு விக்கத்தான் தெரியும், வடிவம் எம் மகளுக்குத்தான் தெரியும்'னாக. பெருசு அடியில இருந்தா சரக்கு கூடப் புடிக்கும், சிறுசு மூடின்னு அரைமணி நேரம். நான் சரின்னு சொல்ற வரைக்கும் விடலயே மனுசன்."

தஹ்மீனா திரையில் இருந்த நான்கின் மீது சுட்டியைக் கொண்டுபோனாள்.

"லைன்ல இருக்கீகளா தாயி?"

"இருக்கேண்ணே. அத்தா சொன்னபடியே அனுப்புதேன்."

பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்திருந்தது. "ஒரு வாய் சாப்புடு" என்று மாமி தட்டை அருகில் வைத்தாள்.

நான்கை அழித்து மூன்று என்று அடித்தாள். வெட்டுக்கோட்டை நடுவிலிருந்து சற்று மேலே ஏற்றினாள். சின்ன மூடி தனியே பிரிந்து அந்தரத்தில் நின்றது. அதை இறக்கி, விளிம்போடு விளிம்பு பொருந்துகிறதா என்று பார்த்தாள். பொருந்தியது. தூக்கிவிட்டு மறுபடியும் இறக்கிப் பார்த்தாள்.