பென்சில் ஆற்றிய புண்கள்

கோயமுத்தூரில் வெங்கடபதியின் ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டால் அம்மைத் தழும்பு கல்யாணத்துக்குத் தடையாகாது என்பார்கள். அந்நாளைய நெகட்டிவான கண்ணாடித் தட்டில் பதிந்த முகத்தின்மேல் மெல்லிய பென்சிலால் நிரவிவிடுவார். அச்சில் கன்னம் வெண்ணெயாக வழுவழுக்கும். அதை ஆண்டவன் தன் கையில் கொடுத்த புண்ணியமாகவே அவர் நினைத்தார்.

முப்பத்தாறாம் வருஷம் ஆடி மாதம், கோட்டைமேட்டு யாகூப், இத்தாலி பிடித்துக்கொண்ட அபிசீனியாவிலிருந்து திரும்பினார். அங்கே ஜவுளி வியாபாரம் செய்தவர். இத்தாலிய விமானங்கள் தூவிய விஷத்தில் வெந்துபோனவர்களைப் படம் பிடித்து, பன்னிரண்டு கண்ணாடித் தட்டுகளைத் துணி மூட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருந்தார். சர்வதேச சங்கத்தின் முன்வைக்க லண்டனில் ஒரு குழு சாட்சியம் திரட்டிக்கொண்டிருந்தது. அச்சுப் போடத் தட்டுகளை வெங்கடபதியிடம் கொடுத்தார்; தட்டுகளும் அச்சுகளும் மறுநாள் தபாலில் போயாக வேண்டும்.

அச்சுகளை வாங்கிய யாகூப் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பன்னிரண்டு பேரும் தேர்த்திருவிழாவுக்கு வந்தவர்கள்போல் மாசுமரு இல்லாமல் இருந்தார்கள்.

“ஏனுங்கண்ணா, இவங்க புண்ணெல்லாம் எங்கீங்க?”

“பாக்கப் பாவமா இருந்துச்சுங்க பாய். நெரவிப்போட்டேன்.”

யாகூப் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பிறகு அவரையும் மீறிச் சிரிப்பு வந்தது.

“இதை அனுப்புனா இத்தாலிக்காரனே எனக்கு மாலை போடுவானுங்க.”

அப்போதுதான் வெங்கடபதிக்கு உறைத்தது. அவர் முகம் வாடியதைப் பார்த்த மனைவி நஞ்சம்மாள், பென்சில்தானே, கல்வெட்டா என்று கேட்டுக்கொண்டே டர்பன்டைனும் பஞ்சும் எடுத்துவந்தாள். அவளும் கணவருமாகத் துடைக்க, யாகூப் ஒவ்வொருவர் பேரையும் ஊரையும் சொல்லிக்கொண்டு வந்தார். காயங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒரு சிறுமியின் தட்டில் நஞ்சம்மாளின் கை சற்று நின்றது. பிறகு முன்னிலும் மெதுவாகத் துடைத்தாள்.

ஆனாலும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பவர்கள், இதில் யாரோ கைவைத்திருக்கிறார்கள், எல்லாமே பொய் என்று தள்ளிவிட்டால்? யாகூப்பின் கவலை அதுதான். வெங்கடபதி ஒரு தாளை எடுத்தார். இரக்கப்பட்டுத் தாமே நிரவியதையும், அன்றே துடைத்ததையும், காயங்களில் தம் கோடு எதுவும் இல்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதினார்.

“அண்ணா, இது வெளிய தெரிஞ்சா எந்தச் சம்பந்தியும் உங்க படத்தை நம்பமாட்டாங்களுங்க.”

“பொண்ணை நேர்ல பாத்துக்கட்டுமுங்க” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார் வெங்கடபதி.

உண்மையைச் சொல்லிவிட்டவன் மனசு எவ்வளவு லேசாகிவிடுகிறது! அவர் தாளை மடிக்கப் போனபோது நஞ்சம்மாள் தடுத்தாள்.

“ஏனுங்க, ஆறு தட்டு நான் தொடைச்சதுங்க. என்ர பேரு வேண்டாமா?”

வெங்கடபதி நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.