அரைக்கட்டை கீழே

1958 மார்ச் 11, செவ்வாய். இன்று காலை ஒத்திகையில் இவெத் ஒரு சின்னத் தப்பு செய்தாள். மத்துரேனின் கடைசிப் பாட்டைச் சுருதியில் அரைக்கட்டை இறக்கி வாசித்தாள். அவரிடம் சொல்லவில்லை.

பெல்வில் பேட்டைக் குடியிருப்புகளின் முற்றங்களில் நின்று பாடிப் பேர் வாங்கியவர் மத்துரேன். அங்கிருந்து மேடைக்கு வந்த நாளிலிருந்தே அவருக்குப் பியானோ வாசிப்பவள் இவெத்தான். நடுவில் சினிமா அவரைக் கொண்டுபோய்விட்டது. திருடன், போலீஸ், பாதிரியார் என்று எல்லா வேஷமும் போட்டாயிற்று. இப்போது அறுபதை நெருங்கும்போது மறுபடியும் மேடை. வியாழக்கிழமை முதல் நாள். அந்தப் பாட்டின் உச்சியில்தான் ஒரு வாரமாகக் குரல் உடைந்துகொண்டிருந்தது.

"இன்னொரு தடவ உடைஞ்சா சினிமாவுக்கே போயிடறேன்" என்று நேற்று சொன்னார். அது வெறும் பேச்சில்லை என்று இவெத்துக்குத் தெரியும்.

இன்று உடையவில்லை.

"பாத்தியா இவெத்! திரும்பி வந்துடுச்சு!"

அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவளுக்கு உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் மத்தியானம் வாத்தியக்காரர்கள் வந்துவிட்டார்கள். அவர்களுடைய ஸ்வரத் தாள்களெல்லாம் பழைய கட்டையில் இருந்தன. வேறு வழியில்லாமல் அவரை மேடை ஓரத்துக்கு அழைத்துச் சொன்னாள்.

"எனக்கே தெரியாம என்னக் கெழவனாக்கிட்டியா? கயிறு கட்டி இழுத்துட்டுப் போறதுக்கு நான் என்ன மாடா?"

மேலே திரைச்சீலைகளோடு நின்றிருந்த மேடைத் தொழிலாளி பெபேர் அலறினான்.

"ஐயையோ, சொல்லிட்டாருடா! மேடையில நின்னு அந்த வார்த்தயச் சொல்லிட்டாரு!"

அந்த ஊர் மேடைகளில் 'கயிறு' என்று சொல்வது அபசகுனம்; சொன்னவர் எல்லோருக்கும் ஒயின் வாங்கித் தந்தால்தான் தோஷம் கழியும்.

"சினிமாக்காரரே, இங்க மறுபடியும் எடுக்க முடியாது! கெளம்புங்க கடைக்கு!"

மத்துரேன் திருதிருவென்று விழித்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இவெத் மட்டும் சிரிக்கவில்லை.

முனைக் கடையில் அவளுக்கு அவரே ஊற்றிக் கொடுத்தார்.

"கோவமா?"

"நீதான கத்துன."

"காலையில பாடறப்ப சொகமா இருந்துச்சு இவெத். பொய் சொல்ல மாட்டேன்." கோப்பையை உருட்டிக்கொண்டே இருந்தார். "இன்னும் ஒரு அரைக்கட்டை எறக்கு. உச்சியில கத்த வேண்டாம். பேசற மாதிரி சொல்லிப் பாக்கறேன். இத்தன வருஷம் சினிமாவுல அதத்தான கத்துக்கிட்டேன்."

"அப்ப வியாழக்கெழம?"

"நீ வாசிச்சா நான் நிக்கறேன்."

நாளைக் காலை பத்து மணி ஒத்திகைக்கு முன்னால், வாத்தியக்காரர்களின் தாள்கள் அத்தனையையும் இவெத் ஒரு முழுக்கட்டை இறக்கி எழுதி முடிக்க வேண்டும்.