ஆறு ஒன்பதுகள்

1.
இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வருமே பை, அதன் தசம இலக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒழுங்கே இல்லாமல் ஓடிவந்த எண்கள், எழுநூற்று அறுபத்திரண்டாம் இடத்திலிருந்து 999999 என்று வரிசைகட்டி நிற்கின்றன. அடப்பாவி, யார் வைத்தது? யாரும் வைக்கவில்லை. இதை எந்த ஊர் நம்பும்? நம்பாத ஊராகப் பார்த்துக் கதையை நட்டேன்.

2.
முதல் வரைவு: தஞ்சாவூர்ப் பக்கம், எழுபதுகள், கழக ஆட்சி. உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிடமிருந்து எடுத்த பத்து வயலைக் கூலிக் குடும்பங்களுக்குப் பங்கிட வேண்டும். வயல்களுக்குப் பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண். மதகடி வயல் பூஜ்யம். தண்ணீர் எட்டிப்பார்க்காத கடைமடை ஒன்பது. ஒரே எண் விழுந்த வீடுகள் அந்த வயலைப் பங்குபோட்டுக்கொள்ளும். சீட்டுக் குலுக்கினால் தில்லுமுல்லு என்பார்களே என்று கணக்கு வாத்தியார் இளையபெருமாள் 22/7ஐ வகுத்து, வீட்டுக்கு ஓர் இலக்கமாக

(நிறுத்து. அதில் புள்ளிக்குப் பின் 142857தான் திரும்பத் திரும்ப வரும். பூஜ்யம், மூன்று, ஆறு, ஒன்பது வரவே வராது. நாலு வயல் பண்ணைக்கே திரும்பிவிடும். அடித்துவிட்டேன்.)

3.
சரி, அசல் பை. வாத்தியார் இலக்கப் புத்தகத்தின் நடுவில் எங்கோ விரலை வைத்து வாசிக்கிறார். தெற்குத் தெருவில் வேம்புவுக்கு ஒன்பது. தங்கையனுக்கு ஒன்பது. இப்படியே ஐந்து வீட்டுக்கும் ஒன்பது. ஆறாவது வீடு அம்சவல்லி. புருஷன் இல்லை, இந்த நிலம்தான் அவளுக்கும் இரண்டு பெண்களுக்கும் சோறு. அஞ்சு தடவை வந்தாச்சு, இனியும் ஒன்பதா வரும் என்று அவளுக்கு ஒரு தைரியம். (முந்தி என்ன வந்தது என்று இலக்கத்துக்கு ஞாபகமா இருக்கும்? அதை அவளிடம் யார் சொல்வது?)

"ஒன்பது" என்றார் வாத்தியார்.

"என்னா சார் இது, கூத்தா?" தங்கையன் எழுந்துவிட்டான். "எங்க தெருன்னா மட்டும் ஒன்பதா?"

"நான் என்னப்பா பண்ணுவேன்? அதுல அப்படித்தான் இருக்கு!"

(ஆறு ஒன்பது. இந்த ஆறு எண்தான், காவிரி இல்லை. காவிரியாக இருந்தால் இத்தனை கலாட்டா ஏது?)

4.
முடிவு அ: எல்லாவற்றையும் ரத்துசெய்து மறுபடி தொடங்குவது. அதற்குள் பண்ணை கோர்ட்டில் தடை வாங்கிவிடும். யாருக்கும் நிலம் இல்லை.

முடிவு ஆ: ஆறாவது ஒன்பதை நைசாக மூன்றாக்குவது. ஊர் என் கற்பனை, ஆட்கள் என் கற்பனை. அந்த எண்ணில் மட்டும் கைவைக்க முடியவில்லை ஐயா!

அம்சவல்லி என் பக்கமே திரும்பிவிட்டாள். "ஏங்க, எழுதுறவரே. நம்பர மாத்த முடியாது, சரி. வாய்க்கா ஒங்க கற்பனதானே? கடைசி வயலுக்கும் தண்ணி வர்ற மாதிரி எழுதுனா கை வலிச்சுருமா?"

எனக்குச் சுருக்கென்றது. எழுதினேன்:

அந்த வருஷம் அம்சவல்லியின் வயலுக்குத் தண்ணீர்

தமிழில் வினைச்சொல்லும் கடைமடையில்தான் இருக்கிறது. வந்தது என்றோ வரவில்லை என்றோ நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அவள் வரப்பில்தான் நிற்கிறாள். பார்த்து எழுதுங்கள்.