கை ஆட்டிய நாற்பது விநாடி

வில்லாபுரம் கிளமெண்ட் கல்யாண வீடியோக்காரன். வற்றிக் கிடக்கும் வைகையைப் பார்த்தே வளர்ந்தவனைப் பிடித்து, தூத்துக்குடிக்குத் தெற்கே நடந்த மூன்று நாள் ஒற்றையாள் துடுப்புப் படகுப் பந்தயத்தைப் படமெடுக்கச் சொன்னார்கள். பாறையும் சுழியுமான கரை அது. இவனோ, கடலானாலும் கல்யாணமானாலும் எல்லோரும் சிரித்தால் போதும் என்று நினைக்கிற ஆள். புறப்படுமுன் ஒவ்வொரு போட்டியாளரிடமும் போய், “ட்ரோன் தலைக்கு மேல வந்தா கை ஆட்டுங்கண்ணே, வீட்ல பாப்பாக” என்று பாடம் எடுத்தான்.

திருமங்கலத்து ராஜபாண்டியிடம் மட்டும் கூடுதல் உரிமை. “நம்மூர்க்காரன் நீ. நல்லா ஆட்டணும் மாப்ள.”

இரண்டாம் நாள் பகலில் ராஜபாண்டி நன்றாகவே ஆட்டினான். நாற்பது விநாடி. துணைப் படகில் உட்கார்ந்து, வெயில் கூசிய சின்னத் திரையில் அதைப் பார்த்த கிளமெண்ட், “சூப்பர் மாப்ள” என்று சொல்லிக்கொண்டு ட்ரோனை அடுத்த படகுக்குத் திருப்பினான். மறுநாள் ராஜபாண்டியின் உடல் கரை ஒதுங்கியது.

ஊருக்கு வந்து, கே.கே. நகர் ஸ்டுடியோவில் பெரிய திரையில் போட்டபோதுதான் அவன் சரியாகப் பார்த்தான். இரண்டு கையும் மேலே இருந்தன. துடுப்பைக் காணோம். படகு பாதி முங்கியிருந்தது. ராஜபாண்டி வீட்டார் கேட்டபோது, முகமும் ஒரு கையும் மட்டும் தெரிகிற மாதிரி வெட்டி, பாட்டுச் சேர்த்து அனுப்பிவிட்டான். யாரும் எதுவும் கேட்கவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை, சோறு இறங்கவில்லை.

ராஜபாண்டியின் மனைவி பாண்டிமீனா ஸ்டுடியோவுக்கே வந்தாள்.

“பதினாறாம் நாள் காரியத்துல திரை கட்டிப் போடணும்ணே. கடைசியா எங்களுக்குக் கை ஆட்டுனாரே, அத பென்டிரைவ்ல ஏத்திக் குடுங்க.”

“அது ஒங்களுக்கு ஆட்டுனது இல்ல தங்கச்சி.”

இனி மறைத்தால் தான் மனுசனில்லை என்று தோன்றியது. வெட்டாத படத்தைப் போட்டுக் காட்டினான். அவள் அழாமல் முழுவதையும் பார்த்தாள்.

“காப்பாத்துற படகு பக்கத்துல இருந்துச்சாண்ணே?”

“இருந்துச்சு. நான் ஒரு சத்தம் குடுத்திருந்தா போயிருக்கும். சொல்லிக் குடுத்தபடி ஆட்டுறான்னு நெனச்சுட்டேன்.”

சொல்லிவிட்டுத் தேம்பினான். திட்டுவாள், செருப்பைக்கூடக் கழற்றுவாள் என்று எதிர்பார்த்தான். அப்படிச் செய்தால் நல்லது என்றுகூட இருந்தது. அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“முன்ன அனுப்புனதயே குடுங்க. ‘எம்மவன் டாட்டா காட்டிட்டுத்தான் போயிருக்கான்’னு சொல்லிச் சொல்லி, அத்த இப்பத்தான் ரெண்டு வாய் திங்கிறாக.”

ஏற்றிக் கொடுத்தான். வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பினாள்.

“காரியத்துக்கு நீங்க வரணும். இத எடுத்துக் குடுத்தவரக் கையெடுத்துக் கும்பிடணும்னு அத்த சொல்லிக்கிட்டே இருக்காக. வந்து வாங்கிக்கங்க.”